டிகாஷன் எலும்பு

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. மாடியை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அட்வான்ஸ் வாங்கிவிட வேண்டும் என்பது என் கணவரின் கொள்கை. அதனால் வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கேன் தண்ணீரில் காபி போட்டுக் கொடுத்து, தாம்பரம் ஸ்டேஷன் பக்கம், ஜி.எஸ்.டி. ரோடு பக்கம், இரும்புலியூரில் இதைவிடக் காற்றோட்டமான மாடி கிடைக்காது என்று பேச்சை வேறு பக்கம் இழுத்துவிடுவேன்.

மிஸ் மட்டும் காபியைத் தொடவில்லை. ஒருமுறை முகர்ந்து பார்த்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நேராக மாடி பாத்ரூமுக்குள் போய் ஷவரை அண்ணாந்து பார்த்தார். பாதி ஓட்டைகள் வெள்ளை வெளேரென்று அடைத்துக் கிடந்தன. நகத்தால் கொஞ்சம் சுரண்டி நாக்கில் வைத்துக்கொண்டார். இந்த வாடகையும் போச்சு என்று நினைத்தேன்.

"நல்ல உப்பு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எப்ப குடி வரலாம்?"

உப்புத் தண்ணீருக்காகச் சந்தோஷப்பட்ட மனுஷியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாட்களில் புத்தகம், ஒரு பழைய ஸ்கூட்டி. தெருவே அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைக் கடைசிவரைக்கும் 'ஹவுஸ் ஓனரம்மா' என்றார். பெயர் சொன்னால் நெருக்கமாகிவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ.

எதையும் நம்பமாட்டார். கேஸ் சிலிண்டர் வந்தால் சொந்தத் தராசில் தொங்கவிட்டு நிறுத்த பிறகுதான் உள்ளே எடுப்பார். பாஸ்டர் பிரசங்கத்தில் ஒரு வசனம் சொன்னால், அது பைபிளில் அந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று அங்கேயே புரட்டிப் பார்ப்பார். பாஸ்டர் அவரைப் பார்த்தாலே நிதானமாகப் பேசுவாராம். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டு போனபோது என் கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, "முதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார். நான் விஷம் வைக்கிற ஆளா என்று அன்றைக்கு முழுக்க என் கணவரிடம் பொருமிக்கொண்டிருந்தேன். யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்விதான்: "நீங்க பாத்தீங்களா, யாராவது சொல்லிக் கேட்டீங்களா?"

சந்தேகத்தில் நானும் சளைத்தவள் இல்லை. அவர் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பார், எனக்கு மூக்கு போதும். எங்கள் குடும்பத்தில் என் மூக்கு பிரசித்தம். என் கணவர் ஸ்டேஷனில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு, ஏலக்காய் மென்று, ஊரைச் சுற்றி வந்தாலும் கேட்டைத் திறக்கும்போதே சொல்லிவிடுவேன்.

மிஸ் குடிவந்த கொஞ்ச நாளில் மொட்டை மாடியில் தொட்டிகள் வரிசையாக முளைத்தன. மாடம்பாக்கம் ஏரிக் களிமண் ஒரு தொட்டியில், படப்பைப் பக்கத்துச் செம்மண் ஒன்றில், வெறும் மணல் ஒன்றில். ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில், பழைய சிமெண்ட் சாக்குகளில் மூட்டை மூட்டையாக மண் வந்தது. மாடித் தோட்டம் போடுகிறார், நமக்கும் நாலு தக்காளி கிடைக்கும் என்று நினைத்தேன். காலையும் மாலையும் போர் தண்ணீரைக் குவளையில் அளந்து ஊற்றினார். ஒரு தொட்டியிலும் ஒரு இலைகூட எட்டிப் பார்க்கவில்லை. அதற்காக அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

பிறகு வாடை வந்தது. துணி காயப்போடப் போனவள் பக்கெட்டோடு திரும்பி வந்தேன். மறுபடி போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

"மிஸ், இந்தத் தொட்டியில என்ன போட்டிருக்கீங்க?"

மறைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கரண்டியால் மண்ணைக் கிளறி, முழங்கை நீளத்துக்கு ஒரு மாட்டுக் கால் எலும்பை வெளியே எடுத்துக் காட்டினார். அதில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

"நாங்க சுத்த சைவம் மிஸ்! வீடு விடறப்பவே சொன்னேனே!"

"நான் சமைக்கலையே. புதைச்சுதானே வெச்சிருக்கேன்."

விஷயம் தெருவில் பரவிவிட்டது. யாரால் பரவியது என்று கேட்காதீர்கள். பில்லி சூனியம் என்றார்கள் சிலர். எதிர் வீட்டு சார் ஒரு படி மேலே போய், "எல்லாம் மாட்டு எலும்புதானா? போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றார். என் கணவர் காலி செய்யச் சொல்லிவிடலாம் என்றார். நான்தான், காரணத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நிறுத்தினேன். இரக்கத்தில் செய்ததில்லை அது. விஷயம் தெரியாமல் அவரை அனுப்பிவிட்டால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

மாடி ஏறிப் போய்க் காரணத்தைக் கேட்டேன். அன்றைக்குப் பிளம்பர் வந்திருந்தான். மாடி ஷவரைக் கழற்றித் தரையில் தட்டினான். வெள்ளைக் கட்டிகள் உதிர்ந்தன.

"இன்னாம்மா இது, உப்பு கல்லாட்டம் கீது! ஆசிட் ஊத்துனாத்தான் வரும்."

"ஆசிட் எல்லாம் வேணாம், அப்படியே குடு" என்று மிஸ் அந்தக் கட்டியை வாங்கி என் முன்னால் நீட்டினார். "காரணம் கேட்டீங்களே ஹவுஸ் ஓனரம்மா. இதான் காரணம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தண்ணியில கரைஞ்சிருக்கிற கல்லு, ஓட்டையில வந்து தங்கிடுது. எலும்பும் அப்படித்தான். வெளியில பாத்தா கெட்டி. உள்ள எல்லாம் பொடிப்பொடி ஓட்டை. ஒரு யானை ஆத்தங்கரையில செத்துப்போகுதுன்னு வைங்க. வெளியில கிடந்தா நரி இழுத்துட்டுப் போகும், வெயில் பிளந்துடும், மழை கரைச்சிடும். ஒண்ணும் மிஞ்சாது. வெள்ளம் வந்து உடனே சேத்தைப் போட்டு மூடிடுச்சுன்னா தப்பிச்சுது. காத்து போகாது. சதை போயிடும், எலும்பு நிக்கும். மேல மேல மண்ணு சேரும். மண்ணுக்குள்ள ஊறுற தண்ணி கல்லைக் கரைச்சுக் கொண்டாந்து ஒவ்வொரு ஓட்டையிலயும் வெச்சுட்டுப் போகும். எலும்புக்குள்ள இருக்கிற பசையெல்லாம் மெல்ல மெல்லப் போயிடும். ஆயிரம் ஆயிரம் வருஷம் கழிச்சுத் தோண்டினா, உருவம் எலும்பு, கனம் கல்லு. அந்த யானை ஜாதியே உலகத்துல இருக்காது. அதோட கால் எலும்பு மட்டும் இருக்கும்."

"ஆயிரம் ஆயிரம் வருஷம் ஆகும்னா, நீங்க எதுக்கு தினமும் தண்ணி ஊத்துறீங்க?"

"கல்லா மாத்த இல்ல. கல்லு மாதிரி காட்ட முடியுமான்னு பாக்குறேன்."

"யாரை ஏமாத்த?"

"என்னை ஒருத்தன் ஏமாத்தினான். எப்படி ஏமாத்தினான்னு தெரிஞ்சாகணும்."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பீரோவைத் திறந்து, பழைய பட்டுப்புடவை சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். கீழே விழுந்தாலும் மெத்தையில் விழட்டும் என்று, கட்டிலுக்கு மேலேயே பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார். கறுப்பும் பழுப்புமாக, ஒரு பக்கம் உடைந்த, அம்மிக் குழவி போல ஒன்று. கனமும் குழவிக் கனம்தான்.

"பழைய காலத்து யானையோட கால் எலும்பு. இப்ப இருக்கிற யானை இல்ல, அதைவிடப் பெரிய ஜாதி, அழிஞ்சுபோன ஜாதி" என்றார் மிஸ். ஒரு நொடி விட்டு, "அப்படின்னு சொன்னான்" என்று சேர்த்துக்கொண்டார்.

சொன்னது அவருடைய ஒரே தம்பி. சின்ன வயதிலிருந்தே குறும்புக்காரர். மிஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டைனோசர் முட்டை என்று சொல்லி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அக்காவும் நம்பி வகுப்புக்குக் கொண்டு போயிருக்கிறார். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி நகத்தால் சுரண்ட, சுண்ணாம்புக்குள்ளிருந்து பிங்பாங் பந்து வந்திருக்கிறது. வகுப்பே சிரித்ததாம். "அன்னிக்கு நிறுத்தினேன்" என்றார். நம்புவதைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

அந்தத் தம்பி பிறகு இன்ஜினியராகி வடக்கே எங்கோ கால்வாய் வெட்டுகிற வேலைக்குப் போனார். மண்ணைத் தோண்டும்போது எலும்புகள் வந்தன, கல் என்று நினைத்துக் கரையில் கொட்டிவிட்டார்கள், அதில் அக்காவுக்கென்று ஒன்றை எடுத்து வந்தேன் என்று ஒரு கிறிஸ்துமஸ் அன்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தார்கள். மிஸ் அதைக் கையில் வாங்காமலேயே கேட்டாராம்:

"டிகாஷன்ல எத்தனை நாள் ஊற வெச்சே?"

மேசையே சிரித்தது. தம்பி எலும்பை கேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு அக்கா தம்பிக்குள் பேச்சு இல்லை. பல வருஷம் ஆகிவிட்டது.

"கொண்டுபோய் யாராவது பெரிய ஆள்கிட்ட காட்டலாமே?"

"குடுத்தா திரும்பி வராது. வந்தாலும் வேற ஒண்ணை மாத்திக் குடுத்திருப்பாங்க."

"இவ்வளவு கனமா இருக்கே மிஸ், அப்புறம் என்ன?"

"நடுவுல சிமெண்ட் ரொப்பினா கனம் வராதா?"

நிஜமாகவே ஒரு எலும்பில் சிமெண்ட் ரொப்பி வைத்திருந்தார். இன்னொன்றை டிகாஷனில், வேறொன்றைத் துருப்பிடித்த ஆணி போட்ட தண்ணீரில் ஊற வைத்திருந்தார். எது வேலைக்கு ஆகிறது என்று பார்த்து, அதைப் பிடித்துத் தம்பியைக் குற்றவாளியாக்கத்தான் அத்தனை தொட்டியும். ஆனால் ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. டிகாஷன் எலும்பைத் தேய்த்தால் சாயம் கையோடு வந்தது. துரு எலும்பு மேலே சிவப்பு, உடைத்தால் உள்ளே வெள்ளை. சிமெண்ட் எலும்பு வெயிலில் வெடித்தது. ஒவ்வொரு தொட்டியும் தம்பி பக்கம் சாட்சி சொன்னது. ஒவ்வொரு முறையும் மிஸ்ஸின் முகம் கடுத்தது.

கடைசியாக ஒரு சோதனை உண்டு என்று அவரே சொல்லியிருந்தார். பழுக்கக் காய்ச்சிய ஊசியை எலும்பில் வைத்தால், பசை மிச்சமிருக்கிற புது எலும்பு முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். கல்லாகிப்போன எலும்பில் எரிய ஒன்றும் இல்லை, நாற்றமும் வராது.

"அப்ப பீரோவுல இருக்கிறதுல வெச்சுப் பாக்க வேண்டியதுதானே?"

"மார்க் விழுந்துடும்."

நான் நம்பவில்லை. எத்தனை எலும்பை உடைத்தவர், எரித்தவர், ஒரு ஊசிப் புள்ளிக்கா பயப்படுவார்? அவருக்குப் பயம் புள்ளியில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் காலி செய்யச் சொல்லவில்லை. வாடை வருகிற தொட்டிகளை மட்டும் மூடி வைக்கச் சொன்னேன். தெருவில் கேட்டவர்களுக்கு உரம் போடுகிறார் என்று சொல்லிவைத்தேன்.

கொரோனா வந்தது. மிஸ்ஸுக்கும் வந்தது. மாடிப்படியில் சாப்பாட்டை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பேன். என்ன எண்ணெய் என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். உடம்பு தேறி, எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றின பிறகு ஒருநாள், மாடியிலிருந்து பால் தீய்ந்த வாடை. சும்மா இல்லை, பாத்திரமே கருகுகிற வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால் சமையலறை முழுக்கப் புகை. மிஸ் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன மிஸ், வாசனை தெரியலையா?"

"ஜன்னல் திறந்திருக்கு, அதான்."

ஜன்னல் சாத்தியிருந்தது.

காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு தேறட்டும் என்று மீன் சமைக்க மட்டும் நான் விட்டுக்கொடுத்திருந்தேன். பால் தீய்ந்த அன்றிலிருந்து என்னைப் படியில் பார்க்கும்போதெல்லாம், "மீன் வாங்கினேன், உங்களுக்கு வாடை ஜாஸ்தியா வருதா? கஷ்டமா இருந்தா சொல்லுங்க" என்று அக்கறையாகக் கேட்க ஆரம்பித்தார். என்னடா இது, புதுசாக மரியாதை எல்லாம் வருகிறதே என்று சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் புரிந்தது. மீன் கெட்டுப்போயிருக்கிறதா என்று என் மூக்கை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் மீன்காரி பழைய மீனைக் கட்டிவிடுவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வரவேண்டும். அழுகைதான் வந்தது.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். மிஸ் கீழே வந்து நின்றார். தலை வாரவில்லை. தம்பியின் மனைவி போன் செய்திருக்கிறார். தம்பிக்கு மாரடைப்பு, குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், மறுநாள் ஆபரேஷன்.

"உடனே கிளம்புங்க மிஸ், ஆட்டோ கூப்பிடட்டுமா?"

"நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் மேல வரணும்" என்றார். "ஊசி வெச்சுப் பாக்கணும்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கூடப் பொறந்தவர் அங்க அப்படிக் கிடக்கிறார், எலும்பு நிஜமா பொய்யான்னு இப்ப என்ன மிஸ்? போய்ப் பாருங்க முதல்ல!"

"மன்னிப்பு கேக்கணுமா, மன்னிக்கணுமா, அது தெரியாம அவன் முன்னால எப்படிப் போய் நிக்கறது?" என்றார். "எனக்கு மூக்கு இல்ல. உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

படி ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். எந்த வாடை வந்தாலும் இல்லை என்று சொல்லிவிடுவது. நிஜம் என்று நினைத்துக்கொண்டு போய் ஒரு சாரி சொல்லட்டும், என்ன குறைந்துவிடும்?

சமையலறையில் ஊசியை இடுக்கியில் பிடித்துத் தயாராக வைத்திருந்தார். மேடைமேல் இரண்டும் இருந்தன: பீரோவிலிருந்த எலும்பு, தொட்டியிலிருந்து கழுவி எடுத்த மாட்டெலும்பு. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"திரும்பி நில்லுங்க. சுவரைப் பாத்து."

"எதுக்கு?"

"பொய் சொல்லலாம்னு முடிவு பண்ணிட்டு வந்திருக்கீங்க. எதுல வைக்கிறேன்னு நான் சொல்லமாட்டேன். நாத்தம் வந்தா வருதுன்னு சொல்லுங்க, வரலைன்னா இல்லன்னு சொல்லுங்க."

எதிரே அலமாரியில் இருந்த எவர்சில்வர் டப்பாக்கள்மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. அதில் நிழல் பார்த்துவிடுவேனாம். நாற்பது வருஷம் பரீட்சை ஹாலில் நின்ற மனுஷி!

அடுப்பு எரிகிற சத்தம். பிறகு ஒரு சின்ன 'ஸ்ஸ்'. அழகு நிலையத்தில் முடியைச் சுட்டுவிட்ட மாதிரி ஒரு நாற்றம்.

"வருது மிஸ்" என்றேன். இது எந்த எலும்பு என்று தெரியாமல் எதைச் சொல்லி யாரைக் காப்பாற்றுவது? நிஜத்தைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி வைக்கவில்லை அவர்.

மறுபடி ஊசி சூடாயிற்று. மூச்சை இழுத்தேன். கேஸ் வாடை, காய்ந்த இரும்பு வாடை. வேறு எதுவும் இல்லை.

"இல்ல."

"நல்லா இழுத்துப் பாருங்க."

"இல்ல மிஸ்."

இன்னொரு தடவை. இல்லை. இன்னொரு தடவை, அதே முடி கருகுகிற நாற்றம், "வருது" என்றேன். பிறகு இல்லை, இல்லை. ஓரத்தில், நடுவில், உடைந்த பக்கத்தில் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார் போல. நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. அடுப்பை அணைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். மிஸ் அந்தக் கறுப்பு எலும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் வரிசையாக ஊசிப் புள்ளிகள். ஒன்றில்கூட நாற்றம் வந்திருக்கவில்லை.

"எல்லார் முன்னாலயும் கேட்டேனே" என்றார். "கையில வாங்கிக்கூடப் பாக்காம கேட்டேனே."

அதே புடவையில் எலும்பைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். ஏறும்போது மீட்டரைப் பார்க்கவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

ஆபரேஷன் மறுநாள் நல்லபடியாக முடிந்தது, தம்பி இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார். அதைச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் நிம்மதி. நான் சொல்ல வந்தது, அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததை. கேட்டிலேயே நிறுத்திவிட்டேன்.

"என்ன சொன்னார் தம்பி?"

மிஸ்ஸின் கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆனால் அந்த முகத்தை நான் முன்னாடியே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், ஷவரைச் சுரண்டி நாக்கில் வைத்த அன்றைக்கு.

"சாரிடான்னு ஆரம்பிச்சேன். முடிக்கவே விடலை. எதுக்குக்கா சாரி, அது டிகாஷன்தான், பதினஞ்சு நாள் ஊற வெச்சேன், நீ அன்னிக்கே கரெக்டா கண்டுபிடிச்சிட்டேன்னான்." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவருக்கு. "பொய் சொல்றான் ஹவுஸ் ஓனரம்மா. நான் தலைகுனியக் கூடாதுன்னு, மூக்குல டியூப்பை வெச்சுக்கிட்டு என்கிட்ட பொய் சொல்றான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிடா, நம்புறேன்னு சொன்னேன்."